அமைச்சர் போடும் விதியை யார் படிக்கிறார்கள்? பிரிட்டன் நாடாளுமன்றக் குழுக்கள் பற்றிக் கேள்வி பதில்

பிரிட்டன் நாடாளுமன்றம் ஓராண்டில் நிறைவேற்றும் சட்டங்கள் சில டஜன்தான். அந்தச் சட்டங்கள் தந்த அதிகாரத்தை வைத்து அமைச்சர்கள் போடும் விதிகளும் ஆணைகளும் அதைப் போலப் பல மடங்கு. சார்நிலைச் சட்டம் என்று சொல்லப்படும் இவற்றை நாடாளுமன்றக் குழுக்கள் எப்படிச் சோதிக்கின்றன என்று பலரும் கேட்டிருந்தார்கள். அந்தக் குழுக்களின் அறிக்கைகளைத் தொடர்ந்து படிக்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (சட்ட மாணவி): அடிப்படையிலிருந்து சொல்லுங்கள் சார். ஒரு விதி நாடாளுமன்றத்துக்கு எப்படி வருகிறது?

எந்த வழியில் வரவேண்டும் என்பதை, அமைச்சருக்கு அதிகாரம் தந்த மூலச் சட்டமே சொல்லிவிடும். பெரும்பாலான விதிகளை அமைச்சர் கையெழுத்திட்டுச் சபையில் தாக்கல் செய்தால் போதும். 40 நாட்களுக்குள், மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபை, தேர்ந்தெடுக்கப்படாத பிரபுக்கள் சபை என்ற இரண்டு சபைகளில் ஏதாவது ஒன்று வேண்டாம் என்று தீர்மானம் போட்டால் விதி ரத்தாகும், இல்லாவிட்டால் அப்படியே நிலைத்துவிடும். 1946ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு இது. இரண்டு சபைகளும் 4 நாட்களுக்கு மேல் ஒத்திவைக்கப்பட்டிருக்கும் காலம் இந்த 40 நாள் கணக்கில் சேராது. தாக்கலான நாளுக்கும் அமலுக்கு வரும் நாளுக்கும் நடுவே 21 நாளாவது இருக்க வேண்டும் என்பது நடைமுறை. படிக்கவும் தயாராகவும் மக்களுக்கு அவகாசம் வேண்டுமே.

கொஞ்சம் கனமான விஷயங்கள் என்றால் இரு சபைகளும் வாக்களித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அமலுக்கு வரும். வரி, வருவாய் சார்ந்தவற்றில் காமன்ஸ் சபை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும்.

அவசரத்துக்கு இன்னொரு வழி உண்டு: முதலில் அமல், பிறகு ஒப்புதல். கொரோனா காலத்தில் இங்கிலாந்து மக்களை வீட்டுக்குள் இருக்கச் சொன்ன விதியின் தலைப்பைப் பாருங்கள். 2020 மார்ச் 26, பிற்பகல் 1 மணிக்கு இயற்றப்பட்டது. அமலுக்கு வந்ததும் அதே 1 மணி. நாடாளுமன்றத்தில் தாக்கலானது 2.30 மணிக்கு. காமன்ஸ் சபை அதை விவாதித்தது மே 4ஆம் தேதி. அதற்குள் அந்த விதி ஒரு முறை திருத்தப்பட்டும்விட்டது. தொற்று பரவும் நேரத்தில் வேகம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் வாரத்துக்குத் தேவைப்பட்ட வழியை ஓராண்டு தாண்டியும் பழக்கமாக வைத்துக்கொண்டது சரியில்லை.

கேள்வி: இரண்டு குழுக்கள் இருக்கின்றன என்கிறார்கள். ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு?

ஒரே வேலை இல்லை. இரு சபை உறுப்பினர்களும் சேர்ந்த கூட்டுக்குழு ஒன்று 1970களிலிருந்து இருக்கிறது. அது கொள்கைக்குள் போகவே போகாது. அமைச்சருக்கு இந்த அதிகாரம் உண்மையில் இருக்கிறதா, முன்தேதியிட்டு அமலாக்க மூலச் சட்டம் அனுமதிக்கிறதா, வாசகம் தெளிவாக இருக்கிறதா, தாக்கல் செய்வதில் காரணமில்லாத தாமதம் உண்டா என்று சட்ட நோக்கில் மட்டும் பார்க்கும்.

மற்றது பிரபுக்கள் சபையின் குழு. 2003இல் தொடங்கியது. விதியின் உள்ளடக்கத்தைப் பார்ப்பது இதுதான். அரசியல்ரீதியாக முக்கியமானதா, சொன்ன நோக்கத்தை நிறைவேற்றுமா, பாதிக்கப்படுபவர்களிடம் ஒழுங்காகக் கருத்துக் கேட்டார்களா என்று கேட்கும். எதைச் சபையின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சலித்தெடுப்பதே இதன் பணி. விதி தாக்கலாகி ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் அறிக்கை வந்துவிடும், ஏனென்றால் அந்த 40 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி (அரசுத் துறை ஒன்றில் வரைவு வேலை பார்ப்பவர்): கூட்டுக்குழு பிழை கண்டுபிடித்தால் நடைமுறையில் என்ன ஆகும்?

உங்களுக்கு இது பரிச்சயமான காட்சியாகவே இருக்கும். முதலில் படிப்பவர்கள் குழுவின் சட்ட ஆலோசகர்கள். சந்தேகம் வந்தால் துறைக்குக் கேள்வி போகும்: இந்தப் பிரிவில் குறிப்பிட்டிருக்கும் உட்பிரிவு மூலச் சட்டத்தில் எங்கே இருக்கிறது, இந்தச் சொல்லை இரண்டு இடங்களில் இரண்டு பொருளில் பயன்படுத்தியிருக்கிறீர்களே, ஏன் என்பது போல. துறை எழுத்தில் விளக்கம் தரவேண்டும். விளக்கம் கேட்காமல் குழு எந்த விதியையும் குறைசொல்லி அறிக்கை தரக்கூடாது.

பெரும்பாலும் துறை ஒப்புக்கொண்டு, திருத்துகிறோம் என்று எழுதிவிடும். பிறகு வரும் திருத்த விதியின் உச்சியில் ஒரு வரி இருக்கும்: முந்தைய விதியில் இருந்த குறையால் இது வெளியிடப்படுகிறது, முந்தையதைப் பெற்றவர்களுக்கு இலவசமாக அனுப்பப்படுகிறது என்று. எனக்கு இந்த வரி பிடிக்கும். தன் பிழைக்கு மக்கள் காசு கொடுக்க வேண்டாம் என்று அரசே எழுதிக்கொடுக்கிறது. இந்தப் பரிசோதனை செய்திகளில் வராது. ஆனால் எத்தனையோ பேர் தவறான வாசகத்தால் அபராதம் கட்டாமல் தப்புவது இதனால்தான்.

கேள்வி: குழுவே விதியை ரத்து செய்யலாமா?

முடியாது. திருத்தவும் முடியாது. சபைகளாலும் விதியைத் திருத்த முடியாது. முழுதாக ஏற்கலாம், அல்லது முழுதாக நிராகரிக்கலாம். காமன்ஸ் சபை கடைசியாக ஒரு விதியை நிராகரித்தது 1979இல், மண்ணெண்ணெய் விலை பற்றிய ஓர் ஆணை.

ஒப்புதல் தேவைப்படும் விதிகளைக்கூட காமன்ஸில் பெரும்பாலும் ஒரு சிறு குழு அறையில்தான் விவாதிப்பார்கள், அதிகபட்சம் ஒன்றரை மணி நேரம். அங்கே நிறைவேறும் தீர்மானம் "குழு இதைப் பரிசீலித்தது" என்பது மட்டுமே. அதன் பிறகு சபையில் விவாதமில்லாமல் வாக்கெடுப்பு. பல கூட்டங்கள் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும். என்னைக் கேட்டால், காமன்ஸ் பக்கத்தின் பலவீனம் இங்கேதான். விதியின் நன்மை தீமையைச் சலிக்க பிரபுக்கள் சபைக்கு ஒரு நிலைக்குழு இருப்பதுபோல், மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்கு எல்லா விதிகளுக்குமாக ஒன்று இல்லை.

கேள்வி: அப்படியானால் குழு அறிக்கை எழுதி என்ன பயன்? அரசு கண்டுகொள்ளாமல் போகலாமே?

போகலாம், போயிருக்கிறது. அப்படி ஒன்றைச் சொல்கிறேன், கொஞ்சம் விரிவாகவே.

2023இல் பொது ஒழுங்கு மசோதா விவாதத்தில் இருந்தபோது, போராட்டங்களில் போலீஸ் எப்போது தலையிடலாம் என்பதற்கான அளவுகோலைத் தளர்த்த அரசு ஒரு பிரிவைச் சேர்க்கப் பார்த்தது. பிரபுக்கள் சபை அதைத் தோற்கடித்தது. சில மாதங்களில் அதே மாற்றத்தை 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் கீழ் ஒரு விதியாக அமைச்சர் கொண்டுவந்தார். அந்தச் சட்டத்தில் உள்ள "கடுமையான இடையூறு" என்ற சொல்லுக்கு, சிறிய அளவைத் தாண்டிய எந்த இடையூறும் பொருந்தும் என்று அது விளக்கம் கொடுத்தது.

பிரபுக்கள் சபைக் குழு இதை உடனே பிடித்தது. மசோதாவில் தோற்றதை விதியாகத் திரும்பக் கொண்டுவருவதற்கு முன்னுதாரணம் எதுவும் தன் கவனத்துக்கு வந்ததில்லை என்றும், வெளியே பரவலாகக் கருத்துக் கேட்கவில்லை என்றும் எழுதியது. சபையில் விதியை நிராகரிக்கும் தீர்மானம் வந்து தோற்றது. 2023 ஜூன் மாதம் விதி அமலுக்கு வந்தது. அப்புறம் ஓர் உரிமை அமைப்பு நீதிமன்றம் போனது. 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் இரண்டு காரணங்களால் விதி செல்லாது என்றது. சிறிய இடையூறுக்கு மேற்பட்டதையெல்லாம் கடுமையானது என்று ஆக்க அமைச்சருக்கு அதிகாரம் இல்லை, போலீஸ் தரப்பிடம் மட்டும் கருத்துக் கேட்டது நியாயமில்லை. அமைச்சர் அதிகாரத்தை மீறினார் என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2025 மே மாதம் உறுதிசெய்தது.

குழுவால் தடுக்க முடியவில்லை, உண்மைதான். ஆனால் கலந்தாலோசனையில் இருந்த ஓட்டையை விதி அமலாகும் முன்பே பொதுப்பதிவில் ஏற்றியது அந்த அறிக்கை. நடுவே அந்த விதியின் கீழ் ஆட்கள் கைது செய்யப்பட்டார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. குழு சொன்னபோதே சபை கேட்டிருக்கலாம்.

கேள்வி: பிரபுக்கள் சபை ஏன் துணிந்து நிராகரிப்பதில்லை?

தேர்ந்தெடுக்கப்படாத சபை என்ற தயக்கம்தான். 2015 அக்டோபரில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் 'டாக்ஸ் கிரெடிட்' உதவித்தொகையைக் குறைக்கும் விதியை நிறுத்திவைத்தபோது, அரசு அந்தக் குறைப்பைக் கைவிட்டது. கூடவே அந்தச் சபையின் அதிகாரத்தையே குறைப்பது பற்றி ஒரு ஆய்வுக்கும் ஏற்பாடு செய்தது. அதனால்தான் மசோதா நிலையிலேயே கவனிக்க வேண்டும் என்கிறேன். அமைச்சர்களுக்குத் தரப்போகும் அதிகாரங்களைப் பார்க்க 1992 முதல் பிரபுக்கள் சபையில் தனிக்குழு உண்டு. எலும்புக்கூடு மாதிரி ஒரு மசோதாவை நிறைவேற்றிவிட்டு, சதை முழுவதையும் பிறகு விதியில் ஒட்டுகிறோம் என்று அரசு சொல்லும்போது அந்தக் குழு கடுமையாகவே எழுதும்.

கேள்வி: இந்தியாவில் இப்படி உண்டா?

உண்டு. மக்களவையில் சார்நிலைச் சட்டக் குழு 1953 முதல் இருக்கிறது. 15 உறுப்பினர்கள், அமைச்சர் யாரும் இருக்கக்கூடாது. மாநிலங்களவைக்குத் தனிக்குழு. விதிகள் பொதுவாக 30 நாட்கள் சபையில் வைக்கப்படும். பெரும்பாலும் விதி அமலுக்கு வந்த பிறகே குழுவின் ஆய்வு நடப்பதுதான் குறை.

கேள்வி: சாதாரண ஆள் பிரிட்டன் குழுவுக்கு எழுதலாமா அண்ணா?

எழுதலாம். பிரபுக்கள் சபைக் குழு வெளியார் கருத்துகளை ஏற்கிறது. விதி தாக்கலான முதல் வாரத்திலேயே அனுப்புங்கள், தாமதித்தால் அறிக்கை வந்துவிடும். கொள்கை பிடிக்கவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதவேண்டாம். விதியோடு துறை இணைக்கும் விளக்கக் குறிப்பை எடுத்துப் படியுங்கள். யாரிடம் கருத்துக் கேட்டோம், எவ்வளவு செலவு, யாருக்குப் பாதிப்பு என்று அதில் இருக்கும். உங்களுக்கு நேரில் தெரிந்ததோடு எந்த வரி ஒத்துப்போகவில்லையோ, அந்த வரியைக் காட்டி எழுதுங்கள். குழு அதைத் துறையிடம் கேள்வியாகவே கேட்க முடியும், கேட்டால் துறை பதில் சொல்லியாக வேண்டும்.