பூனைக் கூடையை இன்றைக்கே திறந்து வையுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் ஏழு வயது நாயும் மூன்று வயது பூனையும் இருக்கின்றன. அடுத்த மாதம் விடுமுறைக்கு ஐந்து நாள் வெளியூர் போகிறோம். போன வருடம் வாணவேடிக்கைச் சத்தத்தில் நாய் மிரண்டு வாசலைத் தாண்டி ஓடிவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. சில மாதங்களுக்கு முன் வெள்ள எச்சரிக்கை வந்து, அரை மணி நேரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பூனையைப் பிடிக்கவே முடியவில்லை. விட்டுவிட்டுத்தான் போனோம். மறுநாள் பத்திரமாக இருந்தது, ஆனாலும் அந்த இரவை எங்களால் மறக்க முடியவில்லை. இனி எப்படித் தயாராக இருப்பது?

பதில்: பூனையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் அதைத்தான் "பிடிக்கவே முடியவில்லை" என்று கைவிட்ட குரலில் எழுதியிருக்கிறீர்கள். அது சரிசெய்யக்கூடிய விஷயம்.

பெரும்பாலான வீடுகளில் பூனையைத் தூக்கிப்போகும் கூடை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் வெளியே வரும். அது வந்தால் ஊசி, கார், நாய் வாடை. பூனை அதை நன்றாகக் கணக்கு வைத்திருக்கிறது. வெள்ளம் வந்த அன்று வீட்டில் எல்லோருடைய நடையும் வேகமாகியிருக்கும், குரல் உயர்ந்திருக்கும், கூடவே அந்தக் கூடையும் இறங்கியிருக்கும். கட்டிலுக்கு அடியில் சுவரோரத்துக்குப் போனது பிடிவாதத்தால் அல்ல. வேட்டையாடவும் செய்யும், வேட்டையாடப்படவும் செய்யும் சிறு பிராணி அது. பயந்தால் ஒளிவதுதான் அதன் உயிர் காக்கும் வழி.

ஆகவே கூடையை வீட்டுச் சாமான்களில் ஒன்றாக்கிவிடுங்கள். கதவைக் கழற்றிவிட்டு, பூனை வழக்கமாகப் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். உள்ளே அது படுத்துப் பழகிய, துவைக்காத துணி ஒன்றை விரியுங்கள். சாப்பாட்டுத் தட்டை முதலில் கூடைக்கு அருகில் வைத்து, பிறகு வாயிலில், பிறகு உள்ளே, பிறகு பின்சுவர் வரை நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்துங்கள். சில பூனைகள் ஒரே வாரத்தில் உள்ளே தூங்க ஆரம்பித்துவிடும், சிலவற்றுக்கு இரண்டு மாதம் பிடிக்கும். அவசரப்படுத்தினால் தொடங்கிய இடத்துக்கே வருவீர்கள். உள்ளே நிம்மதியாக இருக்கப் பழகிய பிறகு கதவை மாட்டி, இரண்டு நொடி மூடி, பிடித்த தின்பண்டம் கொடுத்துத் திறவுங்கள். அப்புறம் கொஞ்சம் தூக்குங்கள், வாசல் வரை நடங்கள், ஒரு நாள் காரில் வைத்து எங்கும் போகாமல் திரும்பி வாருங்கள். புதிதாகக் கூடை வாங்குவதாக இருந்தால், மேல்பாதி கழன்று வரும் கெட்டியான பிளாஸ்டிக் கூடையாகப் பாருங்கள். மேல்மூடியை மட்டும் எடுத்துவிட்டு, பூனையை அதன் துணியிலேயே உட்காரவைத்துப் பரிசோதிக்க, கால்நடை மருத்துவர்களான எங்களாலும் முடியும்.

இதோடு ஒரு ஓசையையும் பழக்குங்கள். தின்பண்ட டப்பாவைக் குலுக்கும் சத்தம் போதும். அந்தச் சத்தம் கேட்டு வந்தால் ஒவ்வொரு முறையும் நல்லதே நடக்க வேண்டும். மருந்து கொடுக்கவோ நகம் வெட்டவோ ஒருநாளும் அதைப் பயன்படுத்தாதீர்கள். ஒரே தடவை ஏமாற்றினாலும் பூனை மறக்காது.

பழக்குவதற்கு முன்பே ஆபத்து வந்துவிட்டால்? கூடையை எடுப்பதற்கு முன் அறைக் கதவுகளைச் சாத்துங்கள். இந்த வரிசை மாறினால் பூனை ஒளிந்துகொள்ளும். குளியலறை போன்ற, ஒளிய இடமில்லாத சிறிய அறைக்கு அதை ஒதுக்குங்கள். ஒரே ஒருவர் மட்டும் உள்ளே போய், தடித்த துண்டால் தலை உட்பட மூடிச் சுற்றி, வாய் மேல்நோக்கி நிறுத்திவைத்த கூடைக்குள் பின்பக்கத்தை முதலில் இறக்க வேண்டும். கூடையே இல்லையென்றால் தலையணை உறைகூட அந்த நேரத்துக்கு உதவும்.

அப்படி உறையில் போட்டு ஒரு பூனையை நள்ளிரவில் என்னிடம் கொண்டுவந்தார்கள். உறையின் வாயை இறுக்கிப் பிடித்திருந்த அம்மாவின் முன்கை முழுக்கக் கீறல். மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்ததும் பூனை வெளியே பாயும் என்று நினைத்தேன். அது உறையின் மூலைக்கு இன்னும் ஆழமாகப் போய்ச் சுருண்டுகொண்டது. துணிமேல் கையை வைத்து, அப்படியே அதன் மூச்சை எண்ணினேன். பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மாவைத்தான் உடனே மருத்துவரிடம் அனுப்பினேன். பூனையின் பல் ஊசிபோலத் தசைக்குள் ஆழமாக இறங்குவதால் கடிவாய் வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே வேகமாகச் சீழ் பிடிக்கும். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

"ஒரு ராத்திரிதானே" என்று விட்டுவிட்டுப் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களுக்கு அது ஒரே ராத்திரியாக முடிந்தது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்தின்போதும் பலர் இரண்டொரு நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பித்தான் விலங்குகளை வீட்டில் விட்டுக் கிளம்பினார்கள், திரும்ப முடியவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு 2013-இல் ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், செல்லப்பிராணியையும் கூட்டிக்கொண்டே வெளியேறுங்கள் என்கிறது. அமெரிக்காவில் 2005 கத்ரினா சூறாவளியின்போது, விலங்குகளை விட்டுவிட்டு வரச் சொன்னதால் வெளியேற மறுத்து வீட்டிலேயே தங்கியவர்கள் ஏராளம். அடுத்த ஆண்டே, பேரிடர்த் திட்டங்களில் செல்லப்பிராணி வளர்ப்பவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. விலங்குக்கு இடமில்லை என்றால் மனிதர்களும் நகர மாட்டார்கள் என்பதை அரசாங்கங்களே அப்படித்தான் கற்றுக்கொண்டன.

ஆனாலும் முகாமில் உங்கள் பாய்க்குப் பக்கத்தில் அது படுக்க இடம் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். பல முகாம்கள் விலங்குகளைத் தனிக் கூடத்தில் கூண்டில்தான் வைக்கும், சில சேர்க்கவே சேர்க்காது. கூண்டுக்குள் அமைதியாக இருக்கத் தெரிந்த பிராணிக்கு எங்கும் இடம் கிடைப்பது எளிது. உங்கள் வழியில் விலங்குகளை ஏற்கும் விடுதி, உறவினர் வீடு என்று இரண்டு இடங்களை இப்போதே பேசிவையுங்கள். வெளியேற உத்தரவு வரும்வரை காத்திருக்காமல், எச்சரிக்கை வந்தபோதே கிளம்பிவிடுங்கள். மனித உயிருக்கே ஆபத்தாகி, விட்டுப்போவதைத் தவிர வழியில்லை என்றால் ஒருபோதும் கட்டிப்போடாதீர்கள், கூண்டில் அடைக்காதீர்கள். வீட்டின் உயரமான பகுதியில், கவிழாத கனமான பாத்திரங்கள் பலவற்றில் தண்ணீர் வைத்து, உள்ளே எத்தனை விலங்குகள் என்று கதவில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, மீட்புக் குழுவிடமும் சொல்லுங்கள்.

இனி நாய். மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் ஒலி, நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். வெடிச்சத்தம் எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்பது அதற்குத் தெரியாது. அந்தச் சமயத்தில் அதைக் கட்டி அணைத்தால் பயம் கூடிவிடும் என்று இன்னமும் சொல்கிறார்கள். தவறு. பயம் ஓர் உணர்ச்சி, பரிசு கொடுத்து வளர்க்கிற பழக்கம் அல்ல. நாய் உங்களிடம் ஒண்ட வந்தால் இடம் கொடுங்கள். சோபாவுக்கு அடியில் போனால் இழுக்காமல் பக்கத்தில் உட்காருங்கள்.

சத்தம் எதிர்பார்க்கிற நாட்களில் பொழுது சாயும் முன்பே வெளியே அழைத்துப் போய் வந்துவிடுங்கள். கழுத்துப்பட்டையோடு மார்புப்பட்டையும் போட்டு, இரண்டிலும் வார் மாட்டுங்கள்; மிரண்ட நாய் பின்னோக்கி இழுத்தால் கழுத்துப்பட்டை தலை வழியாகக் கழன்றுவிடும். இருட்டியபின் உள்ளறையில் திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியோ இசையோ ஓடட்டும். நாய் தப்புவது பெரும்பாலும் விருந்தினர் வந்து கதவைத் திறக்கிற நொடியில்தான். நாய்க்கும் தெருவுக்கும் நடுவில் எப்போதும் இரண்டு கதவுகள் இருக்கட்டும். ஒன்று மூடியபிறகுதான் இன்னொன்று திறக்க வேண்டும்.

வாசலைத் தாண்டி ஓடுமளவுக்குப் பயம் உள்ள நாய்க்கு இவை மட்டும் போதாது, மருந்து பற்றியும் பேசுங்கள். கடைசி நாளில் வராதீர்கள், மூன்று வாரம் முன்னதாக வாருங்கள். சத்தமில்லாத ஒரு நாளில் ஒருமுறை கொடுத்துப் பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும். பயத்தைக் குறைக்கும் மருந்துகள் இப்போது நன்றாக இருக்கின்றன. நாய்களின் சத்த பயத்துக்கென்றே அனுமதி பெற்ற டெக்ஸ்மெடிடோமிடின் ஜெல் அதில் ஒன்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தடவுவது. பழைய பழக்கப்படி அசிப்ரோமசின் என்ற மயக்கமூட்டும் மருந்தை மட்டும் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. உடல் தளர்ந்து கிடக்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். பார்ப்பவருக்கு அமைதியாகத் தெரிவதால் இது இன்னும் கொடுமை. உங்கள் வீட்டுத் தூக்க மாத்திரையை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். இன்னொன்று: முன்பு இல்லாத சத்த பயம் நடுவயதில் புதிதாக வந்திருந்தால் மூட்டுகளைப் பரிசோதியுங்கள். சில நாய்களில் அதன் பின்னால் வலி இருக்கும்.

மைக்ரோசிப் போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. தோலுக்கு அடியில் செலுத்தும், அரிசிமணி அளவுள்ள அந்தச் சில்லில் பேட்டரி கிடையாது, அது இருக்குமிடத்தையும் காட்டாது. ஸ்கேனரை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு எதிரே பழைய கைபேசி எண் பதிவாகியிருந்தால் பயனில்லை. வீடோ எண்ணோ மாறும்போதெல்லாம் பதிவையும் மாற்றுங்கள். பட்டையிலும் எண் எழுதியிருக்கட்டும். பூனையின் பட்டை இழுத்தால் தானே திறந்துகொள்ளும் வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளையில் மாட்டிக் கழுத்தை இறுக்கும். பிராணியோடு நீங்களும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றைக் கைபேசியில் வைத்திருங்கள். முகாமிலோ காப்பகத்திலோ உங்களுடையதுதான் என்று நிரூபிக்க அது கைகொடுக்கும்.

அடுத்த மாதப் பயணத்துக்கு வருகிறேன். பூனையை வீட்டிலேயே விடுவது நல்லது, அதற்கு ஊர்ப்பயணத்தைவிடச் சொந்த மூலை மேல். ஆனால் தட்டு நிறையச் சாப்பாடு வைத்துவிட்டு ஐந்து நாள் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. தினம் இரண்டு முறை, குறைந்தது ஒரு முறையாவது ஒருவர் வந்து பூனையைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். சில நாள் பட்டினி கிடந்தாலே, அதிலும் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும். ஆண்பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

நாயை விடுதியில் விடுவதானால் நேரில் போய்ப் பாருங்கள். நான் முதலில் கேட்பது, இரவில் அங்கே யார் தூங்குகிறார்கள் என்றுதான். போன வருடம் ஓடிய கதையை மறைக்காமல் சொல்லுங்கள். தடுப்பூசி பாக்கி இருந்தால் இரண்டு வாரமாவது முன்னதாகப் போடுங்கள், ஒரு இரவு ஒத்திகையாக விட்டுப் பாருங்கள். பார்த்துக்கொள்பவர் யாரானாலும், உங்களைத் தொடர்புகொள்ள முடியாதபோது சிகிச்சைக்குச் சம்மதம் என்று கையெழுத்திட்டு, செலவு வரம்பையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

விருந்து நாட்களின் நஞ்சுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, வேகவைத்த எலும்பு எதுவும் வேண்டாம். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம் நாயின் ரத்தச் சர்க்கரையை ஒரு மணி நேரத்துக்குள் தரைமட்டமாக்கும். பூனை இருக்கும் வீட்டுக்கு லில்லிப் பூங்கொத்து வரவே கூடாது. மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். எதையாவது தின்றுவிட்டால் உப்புக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள், அதுவே நஞ்சாகும். பொட்டலத்தோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். பயணத்தில் "ஐந்து நிமிடம்" என்று காரில் விட்டுப்போகாதீர்கள். வெளியே 25 டிகிரி இருக்கும் இதமான வெயிலில்கூட மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 40-ஐத் தாண்டும், பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குவதால் பெரிதாக மாறாது.

ஆபத்துக்கால பை ஒன்று வாசலருகே தொங்கட்டும். ஒரு வாரச் சாப்பாடு, மருந்து, தடுப்பூசி அட்டையின் நகல், மாற்று வார், துண்டு, பூனைக்கு மணலும் சிறு தட்டும். தண்ணீரைத்தான் எல்லோரும் குறைத்து எடுப்பார்கள். நாய்க்குக் கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி வேண்டும். 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்கு மேல். வெள்ள நீரைக் குடிக்கவிடாதீர்கள். அதில் எலிச் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் பரவும், அது உங்களுக்கும் தொற்றும். நீரில் நடந்த நாயைக் கையுறை போட்டுக் கழுவுங்கள்.

வீடு திரும்பியதும் நாயின் வாரை உடனே கழற்றிவிடாதீர்கள். வெள்ளம் வாசனைகளையெல்லாம் அழித்திருக்கும். தெரிந்த தெருவிலேயே அது வழி தவறிப் போகும். கண்ணாடித் துண்டும் அறுந்த மின்கம்பியும் கிடக்கும். பூனையை ஒரே அறையில் அதன் கூடையோடும் மணல் தட்டோடும் சில நாள் வைத்திருந்து, நன்றாகச் சாப்பிடத் தொடங்கியபின் மற்ற அறைகளைத் திறந்துவிடுங்கள்.