வாடகைக்கு விட வீடு வாங்குபவர்களுக்கு: கணக்கும் கையிருப்பும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரு வீடோ இரண்டு வீடோ வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்களிடமிருந்து வந்தவை. பதிலுக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த வரையில் மோசமான வீட்டை வாங்கி நொடித்தவர்கள் குறைவு. நல்ல வீடாகவே வாங்கியிருப்பார்கள், நடுவில் கையில் காசு தீர்ந்துபோய் வந்த விலைக்கு விற்றிருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம். அதனால் எந்தக் கேள்வியானாலும் என் பதில் சுற்றி வளைத்து கையிருப்பில் வந்து நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு வீடு பார்த்திருக்கிறேன். வருட வாடகை, விலையில் 6 சதவீதம் வரும் என்கிறார் புரோக்கர். விலையில் 30 சதவீதம் கையில் இருக்கிறது, மீதி 70-க்கு 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் கிடைக்கும். வாங்கலாமா?

புரோக்கர் சொன்ன 6 உங்கள் கைக்கு வராது. வீட்டு விலையை 100 என்று வைத்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வருட வாடகை 6. ஒருவர் காலி செய்து அடுத்தவர் குடிவரும் வரை வருடத்துக்கு ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வைத்தால் அதில் அரை போய்விடும், மீதி 5.5. பராமரிப்புக்கு விலையில் 1 சதவீதம் ஒதுக்குவது பலரும் பின்பற்றும் தோராயக் கணக்கு, பழைய வீடென்றால் அதுவும் போதாது. வரி, காப்பீடு, பொதுப் பராமரிப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்து அரை என்று வைப்போம். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் இன்னொரு அரைக்குக் கொஞ்சம் குறைவாக. ஆக நிற்பது சுமார் 3.5.

இப்போது கடன் பக்கம். 70-க்கு 9 சதவீதத்தில் 20 வருடத் தவணை வருடத்துக்கு ஏறக்குறைய 7.6 வரும். வீடு கொடுப்பது 3.5, வங்கி கேட்பது 7.6. மீதி 4 உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும், அதுவும் வருடா வருடம்.

“தவணையில் அசலும் அடைகிறதே, அது சேமிப்புதானே” என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் முதல் வருடம் அந்த 7.6-இல் அசலுக்குப் போவது 1.3 மட்டும். மற்ற 6.3-உம் வட்டி. வாடகையில் நிற்பதைக் கழித்தாலும் வருடத்துக்கு 2.7, 2.8 கரைகிறது. வீட்டு விலை வருடத்துக்கு அந்த அளவு ஏறினால்தான் நஷ்டமில்லாமல் நிற்பீர்கள், லாபம் அதற்கு மேல்தான். வாங்கும்போதும் விற்கும்போதும் ஆகும் பதிவுச் செலவையும் கமிஷனையும், அந்த 30-ஐ வேறு எங்காவது போட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய வட்டியையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. மாதாமாதம் விழும் அந்தத் துண்டைச் சிரமமில்லாமல் கட்ட முடியும், பத்துப் பன்னிரண்டு வருடம் விற்க அவசியம் வராது என்றால் வாங்குங்கள். இந்தத் துண்டைக் கணக்கில் எழுதாமல் மட்டும் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு ஆறு மாதத் தவணையும் ஒரு பெரிய பழுதுக்கான பணமும் தனியாகக் கையில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் சேர்த்துவிட்டு வாருங்கள். வீடு எங்கும் ஓடிப்போகாது.

கேள்வி: மாறும் வட்டியில் கடன் வாங்கியிருக்கிறேன். வட்டி ஏறினாலும் தவணை மாறாது, காலம்தான் நீளும் என்று சொன்னார்கள். பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டாம், ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். மேலே சொன்ன அதே கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே வட்டி 9-இலிருந்து 11 ஆகிறது, தவணை மாறவில்லை. மாத வட்டி மட்டும் 0.642, நீங்கள் கட்டும் தவணை 0.630. தவணை வட்டிக்கே போதவில்லை! மாதம் தவறாமல் கட்டியும் கடன் வளரும். காலம் நீளும் என்பதற்கு இந்த நிலையில் அர்த்தமே கிடையாது, ஏனென்றால் இப்படியே போனால் அது முடியவே முடியாது. இரண்டு சதவீதம் எல்லாம் ஏறுமா என்று நினைக்காதீர்கள். அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 2022 தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டி இருந்தது, 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 வரை போய்விட்டது. ஒன்றரை வருடத்துக்குள்.

ஆகவே கடன் வாங்கும்போதே 2 சதவீதம் கூட்டித் தவணை போட்டுப் பாருங்கள், அதையும் கட்ட முடிந்தால் கையெழுத்துப் போடுங்கள். ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால், வட்டி ஏறும் ஒவ்வொரு முறையும் வங்கியிடம் போய்த் தவணையை உயர்த்தச் சொல்லி நீங்களே கேளுங்கள். ஆரம்ப வருடங்களில் கைக்கு வரும் உபரியை அசலில் கட்டுங்கள், அங்கேதான் அது அதிகம் வேலை செய்யும்.

கேள்வி: வீட்டு விலை நீண்ட காலத்தில் இறங்கவே இறங்காது என்கிறார்களே?

ஜப்பானில் 1991 வாக்கில் உச்சத்தைத் தொட்ட நிலத்தின் விலை அதற்குப்பின் பத்து வருடத்துக்கும் மேலாக இறங்கிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் 2006-இன் உச்சத்திலிருந்து 2012 தொடக்கத்துக்குள் நாடு முழுவதற்குமான வீட்டு விலைக் குறியீடு கால் பங்குக்கு மேல் இறங்கியது. அந்த ஆறு வருடமும் வாடகை ஒழுங்காக வந்து, தவணையும் கட்ட முடிந்தவர்களுக்கு அது வெறும் காகித நஷ்டம். விற்றே ஆக வேண்டிய நிலையில் இருந்தவர்களுக்குத்தான் உண்மை நஷ்டம். இறங்குமா இறங்காதா என்பதைவிட, இறங்கியிருக்கும்போது விற்காமல் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: வணக்கம் சார். இருபத்தைந்து வருடப் பழைய வீடு ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. பார்க்கப் போகும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

இதை விரிவாகவே சொல்கிறேன், காரணம் நான் இதில் ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். நான் வாங்கிய இரண்டாவது வீடு. பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தேன், நல்ல வெயில், வீடு பளிச்சென்று இருந்தது. படுக்கையறையில் ஒரே ஒரு சுவர் மட்டும் மற்றவற்றைவிடப் புதிதாக வண்ணம் அடித்ததுபோல் இருந்தது. அந்தச் சுவரை ஒட்டி ஒரு பெரிய அலமாரி. அதை நகர்த்தச் சொல்ல எனக்குக் கூச்சம். மழைக்காலம் வந்து, முதலில் குடிவந்த குடும்பம் அலமாரி இருந்த இடத்தில் கட்டிலைப் போட்டபோதுதான் தெரிந்தது. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுவர் முழுக்க வெள்ளையாக உப்பு பூத்திருந்தது, விரலால் தொட்டால் பூச்சு மாவாக உதிர்ந்தது. குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது. ஓடு பெயர்த்து, குழாய் மாற்றி, பூச்சு கொத்தி, காயவிட்டு, மறுபடி பூசி முடிக்க இரண்டரை மாதம். அத்தனை நாளும் வாடகை இல்லை, தவணை மட்டும் நிற்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குக் கூச்சம் போய்விட்டது. நீங்களும் கேட்டு நகர்த்துங்கள். ஒரு சுவருக்கு மட்டும் புது வண்ணம் என்றால் ஏன் என்று கேளுங்கள். இரண்டு முறை போங்கள், ஒருமுறை வெயிலில், ஒருமுறை மழை பெய்த மறுநாள். தண்ணீர் மீட்டர் இருந்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, அரை மணி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி பாருங்கள், எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. அப்புறம் எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, கழிப்பறையில் தண்ணீரும் விட்டு, எவ்வளவு வேகமாக வடிகிறது என்று நின்று பாருங்கள். தரை ஓடுகளை நாணயத்தால் தட்டிக்கொண்டே நடந்தால், அடியில் பிடிப்பு விட்ட ஓடு வெறுமையாகச் சத்தம் போடும்.

விரிசல் என்றாலே அலற வேண்டாம். பூச்சில் மயிரிழை போல ஓடுவது எல்லா வீட்டிலும் உண்டு. ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், ஒரு முனையில் குறுகலாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருக்கும் விரிசல், 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமானது, வெளிச்சுவரிலும் அதே இடத்தில் தெரிவது, இவை அஸ்திவாரம் அசைவதைக் காட்டலாம். அங்கே உங்கள் கண்ணை நம்பாதீர்கள், என் கண்ணையும் நம்பாதீர்கள். கட்டடப் பொறியாளரைக் காசு கொடுத்துக் கூட்டிப் போங்கள், விற்பவரோ புரோக்கரோ அனுப்பும் ஆள் வேண்டாம். மின் இணைப்புப் பெட்டியையும் அப்போதே திறந்து காட்டச் சொல்லுங்கள், பழைய வீட்டில் முழு வயரிங்கையும் மாற்ற நேர்ந்தால் குறைந்த விலைக்கு வாங்கிய லாபம் அதிலேயே போய்விடலாம்.

பத்திரம், வில்லங்கம் எல்லாம் தனிக் கதை. அதற்கு உங்களுக்காக மட்டும் வேலை செய்யும் வழக்கறிஞர் ஒருவர் வேண்டும். முன்பணம் கொடுத்த பிறகு காட்டினால் என்ன பயன்? முன்பே காட்டிவிடுங்கள்.

கேள்வி: மூன்று வருடமாக ஒரே குடும்பம் இருக்கிறது. வாடகையை 5 சதவீதம் ஏற்றச் சொல்கிறார் என் தம்பி. அவர்கள் காலி செய்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

அவர்கள் போய், வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் அந்த ஒரு மாத வாடகையை 5 சதவீத ஏற்றத்தில் மீட்க 20 மாதம் ஆகும். வண்ணம் அடிப்பது, புரோக்கர் கமிஷன் சேர்த்தால் இன்னும் நீளும். வாடகையைத் தேதி தவறாமல் கொடுத்து, ஒரு குழாய் சொட்டினால்கூட உடனே சொல்லும் குடும்பம் என்றால் அக்கம்பக்கத்து வாடகையைவிடக் கொஞ்சம் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக வருடக்கணக்கில் ஏற்றாமலே விட்டு, திடீரென்று 20 சதவீதம் கேட்காதீர்கள், அதுதான் ஆட்களை விரட்டும். சிறிதாக, ஒப்பந்தத்திலேயே எழுதி, இரண்டு மாதம் முன்னே சொல்லி ஏற்றுங்கள்.

கேள்வி: குடிவருபவர் ஒழுங்கானவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பார்த்தால் எல்லோரும் நல்லவராகத்தான் தெரிகிறார்கள்.

பார்த்து முடிவு செய்யாதீர்கள். வருமானத்துக்கு ஒரு சான்று, அடையாளத்துக்கு ஒன்று, முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் எண். வாடகை அவர்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நல்ல மனிதர்களே ஆனாலும் ஒரு நாள் தடுமாறுவார்கள். வீட்டுக்காரரிடம் விசாரிக்கும்போது இப்போது இருக்கும் வீட்டுக்காரரோடு நிறுத்திவிடாதீர்கள், தொல்லை தருபவரை அனுப்பிவிட அவருக்கே ஆசை இருக்கலாம், புகழ்ந்துதான் பேசுவார். அதற்கு முந்தைய வீட்டுக்காரரிடம் கேளுங்கள், அவருக்குப் பொய் சொல்ல அவசியம் இல்லை. “மறுபடி வந்தால் வீடு கொடுப்பீர்களா?” என்ற ஒரு கேள்வி போதும், பதிலைவிடப் பதிலுக்கு முன் வரும் மௌனத்தைக் கவனியுங்கள்.

வருகிற எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள். ஆளின் பிறப்பையோ நம்பிக்கையையோ வைத்துக் கதவைச் சாத்துவது பல நாடுகளில் சட்டத்துக்கு விரோதம். அது ஒருபுறம் இருக்க, எனக்கு அது அநியாயமாகவே படுகிறது. மாத வாடகை தேதிக்கு வருமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கேள்வி: குடிவந்தவர்களிடம் வாங்கிய முன்பணத்தை வீட்டு வேலைக்கே செலவு செய்துவிட்டேன். தவறா?

தவறுதான். அது திருப்பித் தர வேண்டிய பணம், உங்கள் பணமே கிடையாது. தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். செலவழித்ததை மாதாமாதம் கொஞ்சமாக அந்தக் கணக்கில் திரும்ப நிரப்புங்கள், அவர்கள் காலி செய்யும் நாளில் அடுத்தவரின் முன்பணத்துக்காக அலைய வேண்டாம். குடிவரும் அன்றே அறை அறையாகத் தேதியோடு படம் எடுத்து இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொண்டால், கிளம்பும்போது ஆணி அடித்த ஓட்டைக்காகச் சண்டை வராது.

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து ஆளுக்குப் பாதி போட்டு ஒரு வீடு வாங்கப் போகிறோம். ஏதாவது எழுதி வைக்க வேண்டுமா? அவர் தங்கமான மனிதர்.

தங்கமான மனிதருக்கும் வேலை போகும், உடம்புக்கு வரும், பிள்ளைகள் வளர்ந்து வேறு கணக்குச் சொல்வார்கள். எழுதுங்கள். ஒருவர் விலக நினைத்தால் வீட்டை யார் மதிப்பிடுவது, மற்றவர் எத்தனை மாதத்துக்குள் பணம் கொடுப்பது, ஒருவரால் தவணை கட்ட முடியாமல் போனால் மற்றவர் கட்டும் தொகை கடனாகுமா பங்காகுமா, ஒருவர் இறந்தால் பங்கு யாருக்கு, இந்த நான்கும் கட்டாயம் இருக்க வேண்டும். கடன் இருவர் பெயரிலும் என்றால், அவர் கட்டாவிட்டால் வங்கி பெரும்பாலும் உங்களிடம் முழுத் தொகையையும் கேட்கும், பாதியை மட்டும் கேட்காது. இதைப் பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

கேள்வி: முன்பு நாங்களே குடியிருந்த வீடு. இப்போது வாடகைக்கு விடுகிறோம். வீட்டுக் காப்பீடு ஏற்கெனவே இருக்கிறது, அதுவே போதும் அல்லவா?

போதாமல் போகலாம். சொந்தக் குடியிருப்புக்கு எடுத்த காப்பீட்டில், வாடகைக்கு விட்டதைச் சொல்லாமல் இருந்தால் இழப்பீடு மறுக்கப்பட வாய்ப்பு உண்டு. காலியாகக் கிடக்கும் காலத்துக்கும் பல பாலிசிகளில் 30 நாள், 60 நாள் என்று வரம்பு வைத்திருப்பார்கள், அதற்குப் பிறகு குழாய் வெடித்தாலோ திருட்டு நடந்தாலோ கைவிரித்துவிடுவார்கள். பாலிசியை எடுத்து அந்த இரண்டு இடத்தையும் தேடிப் படியுங்கள். படித்தது புரிந்தாலும் புரியாவிட்டாலும் வாடகைக்கு விடுவதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் புதுக் குடும்பம் பெட்டியோடு வந்து இறங்கும் முன்பே.