இடிக்கலாமா, வாங்கலாமா? ரங்கூன் நடு ஊர் கட்டடக் கேள்விகள்

ரங்கூனில் (இன்றைய யாங்கோனில்) நம் ஆட்கள் மூன்று பேர் டீக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் காண்ட்ராக்ட் கட்டடத்தில், அதாவது மனைக்காரர் நிலம் தர, காண்ட்ராக்டர் கட்டி, வீடுகளை இருவரும் பங்கிட்டுக்கொள்ளும் கட்டடத்தில் வந்து நிற்கும். பழைய வீட்டைக் கொடுத்து மாடி வீடு வாங்குவது, புது மாடி வீட்டுக்கு முன்பணம் கட்டுவது, இதில் எது பற்றியும் கேளுங்கள் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. முப்பது வருடம் இந்த ஊரில் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, காண்ட்ராக்டர்களோடு சண்டை போட்டவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலையும் பாருங்கள்.

மொகல் தெரு பக்கம் தாத்தா காலத்து வீடு. மனை 25க்கு 50 அடி. அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று நாங்கள் ஐந்து பேர். எட்டுத் தளம் கட்டிச் சரிபாதி தருகிறேன் என்கிறார் காண்ட்ராக்டர். ஒப்புக்கொள்ளலாமா ஐயா?

சரிபாதி என்ற சொல்லில்தான் வம்பே இருக்கிறது தம்பி. 25 அடியை நடுவில் பிரித்தால் தளத்துக்கு இரண்டு வீடு, இந்த ஊருக்கே உரிய அந்த 12½க்கு 50. எட்டுத் தளத்துக்கு 16 வீடு. உங்களுக்கு 8. காகிதத்தில் சரிதான். ஆனால் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் கீழ்த்தளம்தான் ராஜா. கடைக்குப் போகும், நல்ல வாடகை வரும். மேலே ஏற ஏற விலை இறங்கும். கீழ் நாலு தளத்தையும் அவர் எடுத்துக்கொண்டு மேல் நாலை உங்களுக்குத் தந்தாலும் கணக்கு எட்டுதான்! அதனால் எண்ணிக்கையில் பங்கு பேசாதீர்கள். இடப்பக்க வரிசை கீழிருந்து மேல்வரை உங்களுக்கு, வலப்பக்கம் அவருக்கு என்று நெட்டாகப் பிரியுங்கள். உங்கள் பக்கத்துக் கீழ்த்தளத்தை ஒருவர் பெயரில் விடாமல் வாடகைக்கு விட்டு ஐவரும் பங்கிட்டுக்கொண்டால் குடும்பம் உடையாது.

அதற்கும் முன்னால் நிலப் பத்திரம். இன்னமும் தாத்தா பெயரில் கிடக்கிறதா? அப்படியானால் முதலில் வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள். கல்யாணமாகிப் போன அக்கா தங்கையும் கையெழுத்துப் போட வேண்டும். "அவர்கள் ஒன்றும் கேட்க மாட்டார்கள்" என்று விட்ட குடும்பங்களின் கட்டடம் பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். நிலம் பரம்பரைச் சொத்தா, அரசு ஆண்டுக் கணக்கில் குத்தகைக்குக் கொடுத்த கிராண்டா என்றும் பாருங்கள். கிராண்ட் என்றால் தவணை எப்போது முடிகிறது என்பது முக்கியம்.

ஒப்பந்தத்தில் இவையெல்லாம் எழுத்தில் வரட்டும்: கட்டும் காலத்தில் நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை யார் தருவது, முடிக்கும் தேதி, தேதி தப்பினால் மாதம் எவ்வளவு, பாதியில் ஓடிவிட்டால் என்ன. அப்புறம் தேக்கு. சிரிக்காதீர்கள். பழைய வீட்டு உத்திரமும் தரைப்பலகையும் முற்றிய பர்மாத் தேக்கு. என் சொந்தக்காரர் ஒருவர் வீட்டை இடித்த வாரமே இரண்டு லாரி தேக்கு போய்விட்டது. கேட்டால், "இடிப்புச் சாமான் எனக்குத்தானே" என்றார் காண்ட்ராக்டர். ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

விளம்பரத்தில் "மினி காண்டோ" என்று போடுகிறார்களே, அது காண்டோதானா? (தாம்வே வாசகி)

பெயர்ப்பலகையில் மட்டும் காண்டோ, அம்மா. 2016இல் வந்த காண்டோமினியம் சட்டம் கேட்டது ஆறு மாடிக்குக் குறையாத கட்டடம், 1 ஏக்கர் நிலம், அந்த நிலம் வீட்டுக்காரர்கள் எல்லோரின் கூட்டுச் சொத்தாகப் பதிவாவது. 1 ஏக்கர் 43,560 சதுர அடி. நம் 25க்கு 50 மனை 1,250. சுமார் 35 மனைகளைச் சேர்த்தால்தான் ஒரு காண்டோ!

சாதாரண காண்ட்ராக்ட் கட்டடத்தில் மாடி வாங்கினால் உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஒப்பந்தக் காகிதமும் அதிகாரப் பத்திரமும்தான். நிலத்தில் பழைய சொந்தக்காரரின் பெயரே நிற்கும். இந்த ஊரில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படித்தான் வாழ்கின்றன. வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். காண்டோ விலை கொடுக்காதீர்கள். உங்களுக்கு விற்பவரிடமிருந்து நிலச் சொந்தக்காரர் வரை காகிதச் சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஒரு கை மாற்றத்துக்குக் காகிதம் இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்பாவிடம் இருப்பது எஃப்.ஆர்.சி. (வெளிநாட்டவர் பதிவு) அட்டை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவர் பெயரில் மாடி வாங்கலாமா?

மனசுக்குக் கஷ்டமான கேள்வி. எஃப்.ஆர்.சி. வைத்திருப்பவரைச் சட்டம் வெளிநாட்டவராகவே பார்க்கிறது. வெளிநாட்டவர் அசையாச் சொத்து வாங்குவதை 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முறையாகப் பதிவான காண்டோவில் மட்டும் 40 சதவீதம் வரை வெளிநாட்டவருக்கு விற்க 2016 சட்டம் வழி வைத்தது. மச்சான் பெயரில், சிநேகிதர் பெயரில் வாங்குவது வேண்டவே வேண்டாம். வீட்டில் குடியுரிமை அட்டை உள்ள பிள்ளை இருந்தால் அவர் பெயரில் வாங்குங்கள்.

ஏழாவது தளத்தில் மலிவாக ஒரு வீடு வருகிறது. அம்மாவுக்கு 70 வயது. (பஸுண்டௌங்)

வேண்டாம்.

சரி, கொஞ்சம் விளக்குகிறேன். நம் தெருக்களில் மேல்மாடியிலிருந்து நுனியில் கிளிப்போ பையோ கட்டிய கயிறு தொங்கும். கீழே இருப்பவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பரும் கீரையும் ஏறிவிடும். அம்மா ஏற முடியாது. மின்சாரம் போனால் பம்பு ஓடாது, பம்பு ஓடாவிட்டால் தண்ணீர் இல்லை. இப்போது இருக்கும் மின்வெட்டில் ஏழாவது தளத்துக்கு வாளியைத் தூக்குவது யார்? மிச்சமாகும் பணம் முழங்கால் வைத்தியத்துக்குப் போய்விடும்.

மண்டலே நிலநடுக்கத்துக்குப் பிறகு பயமாக இருக்கிறது. நம் கட்டடங்கள் தாங்குமா?

இந்தக் கேள்வி பதினோரு பேரிடமிருந்து வந்தது. சேர்த்தே சொல்கிறேன்.

2025 மார்ச் 28இல் வந்தது 7.7 அளவு. பூமிக்கடியில் வடக்கு தெற்காக ஓடும் சகாயிங் பிளவு 400 கிலோமீட்டருக்கும் மேல் கிழிந்தது. மண்டலேயில் ஸ்கை வில்லா குடியிருப்பு அப்படியே உட்கார்ந்ததைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ரங்கூன் தப்பித்தது. ஆனால் அதே பிளவு தெற்கே, நமக்குப் பக்கத்து ஊரான பெகு பக்கம் வருகிறது. 1930 மே 5இல் பெகுவில் நிலம் ஆடியபோது அங்கே ஐந்நூறு பேர் அளவில் இறந்தார்கள், ரங்கூனிலும் சுமார் ஐம்பது உயிர் போனது. நம் பெரியவர்கள் "பெகு பூகம்பம்" என்று சொன்னது அதைத்தான்.

மண்ணையும் பார்க்க வேண்டும். ஷ்வேடகோன் பகோடா நிற்கும் மேட்டு நிலம் கெட்டி. ஆற்றோரத்து நடு ஊர் வண்டல். வண்டல் மண் ஆட்டத்தைக் கூட்டிக் கொடுக்கும். அதனால் புதுக் கட்டடம் என்றால் முதல் கேள்வி டைல்ஸ் பற்றியல்ல. மண் பரிசோதனை செய்தார்களா, பைல் (மண்ணுக்குள் இறக்கும் அடித்தளத் தூண்) எத்தனை அடி போயிருக்கிறது, அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். முகம் சுளிக்கும் காண்ட்ராக்டரிடம் வாங்காதீர்கள்.

குடியிருக்கும் கட்டடம் என்றால் கீழ்த்தளக் கடைக்குள் போய்ப் பாருங்கள். கடையை அகலமாக்க ஒரு தூணைச் செதுக்கியிருக்கிறார்களா? நடுச்சுவரை எடுத்துவிட்டார்களா? மேலே ஏழு தளம், கீழே சுவரே இல்லாத ஒரு கூடம், இதுதான் ஆட்டத்தில் முதலில் மடியும் வகை. அனுமதி வாங்கிய அளவுக்கு மேல் மொட்டைமாடியில் தகரக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி என்று பாரம் ஏற்றியிருந்தால் அதுவும் கெடுதல். கம்பி துருத்திக்கொண்டு கான்கிரீட் உதிர்ந்த தூண் தென்பட்டால் சுண்ணாம்பு பூசி மறைக்க விடாதீர்கள், இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். மயிரிழை விரிசல் பூச்சில் மட்டும் இருந்தால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

காளி கோயில் பக்கத்துப் பழைய வீடுகளை எல்லாம் இடிக்கிறார்களே, யாரும் தடுப்பதில்லையா?

1996இல் மாநகராட்சி 189 கட்டடங்களைப் பாரம்பரியப் பட்டியலில் போட்டது. பெரும்பாலும் அரசு அலுவலகங்கள், வழிபாட்டு இடங்கள். தெருவோரத்து வீடு அதில் வராது. 2012இல் தொடங்கிய யாங்கோன் ஹெரிடேஜ் டிரஸ்ட் அமைப்பு, பழைய கட்டடங்களின் பெருமையைச் சொல்லும் நீலப் பலகை வைத்துப் பேசிப் பார்த்தது. ஆனால் வீட்டுக்காரருக்கு நீலப் பலகை சோறு போடாதே. கூரை ஒழுகும் வீட்டில் ஐந்து பங்காளிகள் இருக்கும்போது, இடிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மரப் படிக்கட்டுகளும் வளைந்த ஜன்னல்களும் போவதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. இடிக்கும் முன் உள்ளேயும் வெளியேயும் படமாவது எடுத்து வையுங்கள்.

மோல்மேனில் எங்களுக்கு அகலமான மனை. ரங்கூன் மாதிரி எட்டுத் தளம் கட்டலாமா?

எதற்கு? ரங்கூனில் மனை குறுகல், அதனால் வானத்தைப் பார்த்துப் போனோம். உங்களுக்கு இடம் இருக்கிறது. மூன்று நாலு தளத்தோடு நிறுத்தி, காற்றுக்கு இரண்டு பக்கமும் இடம் விடுங்கள். மோல்மேன் மழையை மறக்காதீர்கள். மொட்டைமாடியை விடச் சரிவுக் கூரை நல்லது.

பைல் போடும் முன்னாலேயே 30 சதவீதம் கட்டச் சொல்கிறார்கள். இப்போது கட்டினால் விலை குறைவாம்.

விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் நானே அப்படிக் கட்டினேன். நாலாவது தளத்தோடு கட்டடம் நின்றது. மூன்று வருடம் மழையில் நனைந்த கம்பியைப் பார்த்துவிட்டு வருவேன். கடைசியில் வேறொருவர் எடுத்து முடித்தார், நான் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்த பிறகு. கட்ட அனுமதிக் காகிதத்தைப் பாருங்கள், அதில் எத்தனை தளம் என்று எண்ணுங்கள். பணத்தைத் தளத்துக்குத் தளம் பிரித்துக் கொடுங்கள். கடைசித் தவணையை மட்டும், கட்டடம் முடிந்த சான்று வந்து, மின் மீட்டரும் வந்த பிறகுதான் தர வேண்டும்.

ஐயா, நீங்கள் எந்த மாடியில் இருக்கிறீர்கள்?

மேலே சொன்ன அதே கட்டடத்தில், மூன்றாவது தளம். என் வீட்டம்மா முதல் தளம்தான் கேட்டாள்.