சொன்னது போய்ச் சேர்ந்ததா? ஆடுகளத்திலும் திரையிலும் தகவல் தொடர்பு

அனுப்புநர், பெறுநர், இரைச்சல், பின்னூட்டம் என்று தகவல் தொடர்பியல் பாடத்தில் படிக்கும் கருத்துகள் குழு விளையாட்டுகளிலும் மக்கள் விரும்பிப் பார்க்கும் திரைப்படங்களிலும் உண்மையில் எந்த இடத்தில் தெரிகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூரில் வாலிபால் ஆடியும், உள்ளூர்ப் போட்டிகளில் நடுவராக நின்றும், படம் பார்ப்பதை அதே அளவுக்கு நேசித்தும் வந்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

நன்றாகப் பேசிக்கொள்ளும் அணிதான் வெல்லும் என்று பலரும் சொல்வதுண்டு. ஓயாமல் கத்திக்கொண்டே தோற்ற அணிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓர் அணிக்கு உண்மையில் வேண்டியது, சொன்ன செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்பது சொன்னவருக்கும் தெரிந்திருப்பதே. ‘அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்’ என்ற அந்த இரண்டாவது பாதிதான் கடினமானது. விளையாட்டின் சைகைகளும் விதிகளும் அந்த இரண்டாவது பாதியைப் பெறுவதற்காகப் பாடுபடுகின்றன. நம் திரைக்கதைகளோ அதைக் கடைசி வரை தராமல் இழுத்துப் பிடித்தே நம்மை இருக்கையில் உட்கார வைக்கின்றன. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாடத்திலுள்ள மற்றக் கருத்துகள் அதனதன் இடத்தில் வந்து அமரும் என்பது என் நம்பிக்கை.

அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948ஆம் ஆண்டு பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் எழுதிய கட்டுரையிலிருந்துதான் அனுப்புநர், தடம் (செய்தி செல்லும் வழி), இரைச்சல், பெறுநர் என்ற வரைபடம் நம் பாடநூல்களுக்கு வந்தது. அதில் இரைச்சல் என்பது காதில் விழும் சத்தத்தை மட்டும் குறிப்பதன்று. வழியில் செய்தியைச் சிதைக்கும் எதுவும் இரைச்சல்தான். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் மாலையில் வாலிபால் ஆடுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கடற்காற்று வீசத் தொடங்கியபின் பத்தடி தள்ளி நிற்பவர் சொல்வது பாதிதான் கேட்கும். அதனால் இருவர் ஆடும் கடற்கரை வாலிபாலில், வலையருகே நிற்பவர் தன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், சர்வீஸ் போடப்போகும் தன் கூட்டாளிக்கு விரல்களால் செய்தி சொல்கிறார். ஒரு விரல் நீட்டினால் கோட்டை ஒட்டி வரும் அடியைத் தான் மறிப்பதாகப் பொருள். இரண்டு விரல் என்றால் குறுக்காக வரும் அடியை மறிப்பதாகப் பொருள். மூடிய முட்டி என்றால் மறிக்க எழும்பாமல் பின்வாங்குவதாகப் பொருள். இடக்கை எதிரணியின் இடப்பக்கத்து ஆட்டக்காரருக்கும், வலக்கை வலப்பக்கத்து ஆட்டக்காரருக்கும் உரியது. காற்று குரலைத் தின்றுவிடும் இடத்தில் செய்தி கண்ணுக்கு மாறிவிடுகிறது. எதிரணியின் பார்வைக்கு உடலே திரையாகவும் ஆகிவிடுகிறது.

இங்கே நான் முக்கியமாகக் கருதுவது அடுத்து நடப்பதைத்தான். வலையருகே நிற்பவருக்கு முதுகில் கண் இல்லை. தன் விரல்களைக் கூட்டாளி பார்த்தாரா, சர்வீஸ் வேகத்தை நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாரா என்று அவருக்குத் தெரியாது. பயிற்சி பெற்ற இணைகளில் பின்னால் நிற்பவர் “சரி” என்று ஒரு குரல் கொடுத்த பிறகே பந்தை உயர்த்துவார். அந்தச் சொல்லில் புதுச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் விரல் சொன்ன செய்தி அரைகுறையாக நிற்கும். பின்னூட்டம் என்ற கருத்தைக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் அதே 1948இல் வெளிவந்த தம் நூலில் எந்திரங்களுக்கும் உயிர்களுக்கும் பொதுவாக விரித்துரைத்தார். ஆடுகளத்தில் அது ஈரெழுத்துச் சொல்லாகச் சுருங்கிவிடுகிறது.

ஆறு பேர் ஆடும் வாலிபாலில் இன்னொரு சிக்கல் உண்டு. இருவருக்கு நடுவே விழும் பந்தை யார் எடுப்பது? “நான்” என்று ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். நம் ஊர் அணிகளில் அண்ணன், தம்பி, மாமன், மச்சான் எல்லாரும் ஒன்றாக நிற்பார்கள். வயதில் இளையவன் மூத்தவரைப் பார்த்து “விடு” என்று ஒருமையில் கத்துவதற்குத் தயங்குவான், “அண்ணே, விடுங்கண்ணே” என்று முடிப்பதற்குள் பந்து மணலில் கிடக்கும். பால் வாட்ஸ்லாவிக், ஜேனட் பீவின், டான் ஜாக்சன் ஆகிய மூவரும் 1967இல் எழுதிய நூலில், ஒவ்வொரு செய்தியும் ஒரு விவரத்தைச் சொல்வதோடு சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான உறவையும் சொல்கிறது என்றனர். தொடர்புகொள்ளாமல் இருக்கவே முடியாது என்ற அவர்களுடைய இன்னொரு கூற்றும் இங்கே பொருந்தும்: தயங்கிய இளையவனின் மௌனத்தை மூத்தவர் ‘அவன் விட்டுக்கொடுக்கிறான்’ என்று படிக்கிறார், மூத்தவரின் மௌனத்தை இளையவன் ‘அவர் எடுத்துக்கொள்வார்’ என்று படிக்கிறான். நல்ல அணிகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. கோட்டுக்குள் நிற்கும்வரை ஒருமை மரியாதைக் குறைவு ஆகாது என்பது எல்லாருக்கும் பொதுவான உடன்பாடாக இருக்கும். ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது “அண்ணே” திரும்ப வந்துவிடும். உறவுத் தளத்தைச் சிறிது நேரம் ஒத்திவைத்து விவரத் தளத்துக்கு வழிவிடும் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

செய்தி போய் மறுமொழி திரும்பிவரும் இந்த வளையம் மூடாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்குக் கிரிக்கெட்டில் எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு 1999 உலகக்கோப்பை அரையிறுதி. பர்மிங்காமின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் ஆஸ்திரேலியா எடுத்திருந்த 213 ஓட்டங்களைத் தென்னாப்பிரிக்கா எட்டிவிட்டது. கடைசி ஜோடியாக லான்ஸ் குளூஸ்னரும் ஆலன் டொனால்டும் நிற்க, வெற்றிக்கு ஒரே ஓர் ஓட்டம் தேவை. கடைசி ஓவரின் மூன்றாம் பந்தில் டொனால்டு ரன் அவுட்டிலிருந்து மயிரிழையில் தப்பினார். நான்காம் பந்தை அடித்துவிட்டுக் குளூஸ்னர் ஓடத் தொடங்கினார். டொனால்டின் கண் பந்தின் மீதே இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தபோது குளூஸ்னர் ஏறத்தாழ அவர் பக்கத்துக்கே வந்துவிட்டிருந்தார். மட்டையும் கைநழுவிக் கீழே விழுந்தது. ஆட்டம் சமனில் முடிந்தது, முந்தைய சுற்றின் தரவரிசைப்படி ஆஸ்திரேலியா இறுதியாட்டத்துக்குப் போனது. இதைப் பதற்றம் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன்: முந்தைய பந்தின் அனுபவம் டொனால்டுக்கு ‘கோட்டை விட்டு நகராதே’ என்ற செய்தியைத் தந்திருந்தது, குளூஸ்னருக்கோ ‘எப்படியாவது இதை முடித்துவிடு’ என்ற செய்தியைத் தந்திருந்தது. ஒரே நிகழ்வை இருவர் இரண்டு விதமாகப் படித்துவிட்டு, ஒப்பிட்டுப் பார்க்காமலேயே அடுத்த பந்தை எதிர்கொண்டார்கள்.

அதே கிரிக்கெட்டின் விதிகளில் மறுமொழியைக் கட்டாயமாக்கிய ஓர் அழகான இடமும் உண்டு. நடுவர் நான்கு, ஆறு, வைடு என்று சைகை காட்டினால், மதிப்பெண் குறிப்பவர் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கும்வரை நடுவர் ஆட்டத்தைத் தொடரவிடக் கூடாது. மஞ்சக்குப்பம் மைதானம் போன்ற இடங்களில் உள்ளூர் ஆட்டங்களைப் பார்த்தால், குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு முறையும் கையை உயர்த்துவதைக் கவனிக்கலாம்.

மொழியே இல்லாத இடத்தில் குறியீடு எப்படிப் பிறக்கிறது என்பதற்குக் கால்பந்தின் அட்டைகள் சான்று. 1966 உலகக்கோப்பையில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதிய காலிறுதியில், ஜெர்மன் நடுவர் ருடால்ஃப் கிரைட்லைன் அர்ஜென்டினத் தலைவர் அந்தோனியோ ரத்தினை வெளியேற்றியபோது, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாததால் பெருங்குழப்பம் உண்டாயிற்று. அதன்பின் இங்கிலாந்து நடுவர் கென் ஆஸ்டன் போக்குவரத்து விளக்குகளின் நிறத்தைக் கொண்டு மஞ்சள், சிவப்பு அட்டைகளை முன்மொழிந்தார். 1970இல் மெக்சிகோ உலகக்கோப்பையில் அவை நடைமுறைக்கு வந்தன. இந்த அட்டையின் சிறப்பு நிறம் மட்டுமன்று. குற்றவாளிக்கும், இரு அணிகளுக்கும், அரங்கு முழுவதற்கும் ஒரே கணத்தில் அது தெரிகிறது. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்பதும் எல்லாருக்கும் தெரிகிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் அணிகளைப் பின்தொடர்பவர்களுக்கு இத்தகைய பொதுக் குறியீட்டின் அருமை இன்னும் நன்றாகப் புரியும். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் பேசும். மாஹே மலையாளம் பேசும். ஏனாம் தெலுங்கு பேசும். நான்கிலிருந்தும் வீரர்கள் ஓர் அணியில் சேர்ந்தால், “யெஸ்”, “நோ”, “லீவ்” போன்ற சிறு சொற்களும் கைச்சைகையுமே அவர்களுடைய பொதுமொழி ஆகின்றன.

திரைப்படத்துக்கு வருகிறேன். விளையாட்டுப் படம் என்றதும் பயிற்சியாளரின் எழுச்சி உரையைத்தான் தகவல் தொடர்புக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த உரை ஒருவழிப் பாதை. கேட்பவர்களின் மறுமொழிக்கு அதில் இடம் குறைவு. 2007இல் வந்த, மகளிர் ஹாக்கி அணியைப் பற்றிய ‘சக் தே! இந்தியா’வில் என்னைக் கவர்ந்தது, ஷாருக் கான் பேசும் புகழ்பெற்ற உரையைக் காட்டிலும், ஒருவருக்கொருவர் பந்தைத் தர மறுக்கும் இரண்டு முன்கள வீராங்கனைகளின் கதைதான். படம் நெடுகத் தராத பந்து ஒரு செய்தியாகவே நிற்கிறது. இறுதியாட்டத்தில் ஒருத்தி மற்றவளுக்குப் பந்தைத் தள்ளிவிடும்போது உறவுத் தளம் மாறிவிட்டது என்பதை வசனமே இல்லாமல் அறிகிறோம்.

வளையத்தை மூடவிடாமல் வைத்திருக்கும் கலைக்கு ஈடு சொல்ல முடியாத படம், சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசனும் அமலாவும் நடித்து 1987இல் வந்த ‘பேசும் படம்’. வசனமே இல்லாத அந்தப் படத்தில் காதலர் இருவரும் தொலைவிலிருந்து சைகையாலேயே பழகுகிறார்கள். அவர்களுக்கிடையே ஓசை என்ற தடம் இல்லாதது ஒரு குறையாகவே தோன்றாது. முடிவில் அவள் ஊரைவிட்டுப் போகும்போது தன் முகவரி எழுதிய தாளை ரோஜாவோடு சேர்த்து அவனை நோக்கி எறிகிறாள். பூ அவன் கைக்கு வருகிறது, தாள் பறந்து சாக்கடையில் போய்விடுகிறது. செய்தியை அனுப்பியாயிற்று என்ற நிறைவோடு அவள் போகிறாள். வந்து சேரவில்லை என்பதை அவளுக்குத் தெரிவிக்க அவனிடம் வழியில்லை. ஷானனின் வரைபடத்தையும் வீனரின் பின்னூட்டத்தையும் ஒரே காட்சியில் கற்பிக்க வேண்டுமானால் நான் இதைத்தான் வகுப்பில் போட்டுக் காட்டுவேன்.

அகத்தியனின் ‘காதல் கோட்டை’ (1996) இதன் மறுபக்கம். ஒருவரையொருவர் பாராமல் கடிதம் வழியாகவே நேசிக்கும் இருவர் எதிரெதிரே வந்தும் அறியாமல் நிற்கிறார்கள். அவள் பின்னி அனுப்பிய ஸ்வெட்டரே அடையாளம், அதை அவனுடைய காக்கிச் சட்டை மறைத்திருக்கிறது. அந்தச் சட்டையும் ஷானன் சொன்ன இரைச்சல்தான். ராதாமோகனின் ‘மொழி’யில் (2007) இசைக்கலைஞனான நாயகன், காது கேளாத, பேச இயலாத நாயகிக்காகச் சைகைமொழி கற்கிறான், பெறுநருக்கு உகந்த தடத்துக்கு அனுப்புநர்தான் மாற வேண்டும் என்பதை இவ்வளவு எளிமையாக வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

இந்தப் படங்களில் பார்வையாளராகிய நமக்கு மட்டும் எல்லாம் தெரியும். காக்கிச் சட்டைக்குள் ஸ்வெட்டர் இருப்பது தெரிந்தே நாம் தவிக்கிறோம், அரங்கில் சிலர் வாய்விட்டும் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் குரல் திரைக்குள் போகாது, ஆனால் பக்கத்து இருக்கைக்காரருக்குப் போகும். எல்லாரும் ஒன்றையே நினைக்கிறோம் என்பது அரங்குக்கே தெரிந்துவிடும். வீட்டில் கைப்பேசியில் அதே படத்தைப் பார்க்கும்போது குறைவது இதுதான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் இதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறீர்கள் என்றால் கபடியை விட்டுவிடாதீர்கள். எதிரணிப் பகுதிக்குள் பாடிவரும் ரைடரின் இடைவிடாத உச்சரிப்பு, மூச்சை மீண்டும் இழுக்கவில்லை என்று நடுவருக்குத் தரும் தொடர் அறிவிப்பு. அது அறுந்தால் அவர் ஆட்டமிழப்பார். தற்போதைய விதிப்படி ஒரு ரைடுக்கு 30 நொடிதான். அந்த நேரத்தில் தடுப்பவர்கள் வாய்விட்டுத் திட்டம் பேசினால் ரைடருக்கும் கேட்டுவிடும். 2024இல் புனே டெஸ்டில் ரிஷப் பந்த், வாஷிங்டன் சுந்தருக்கு எங்கே பந்து வீசலாம் என்று இந்தியில் சொல்ல, மும்பையில் பிறந்த நியூசிலாந்து வீரர் அஜாஸ் படேல் அடுத்த பந்தை நான்குக்கு விரட்டியதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கபடியில் தடுப்பவர்கள் அந்த ஆபத்துக்கு இடம் தருவதில்லை. கார்னர் எனப்படும் ஓரத்துத் தடுப்பாளரும் அவருக்கு அடுத்து நிற்பவரும் கைகோத்துக்கொண்டு, பிடியின் இறுக்கத்தாலேயே எப்போது பாய்வது என்று சொல்லிக்கொள்கிறார்கள். தொடுகை என்ற இந்தத் தடத்தை ஒட்டுக்கேட்க வழியே கிடையாது; பிடிக்குப் பதில் பிடி கிடைப்பதால் மறுமொழியும் அதிலேயே வந்துவிடுகிறது. ஒளிபரப்பான ஆட்டம் ஒன்றை ஒலியை அணைத்துவிட்டு, ரைடரைப் பாராமல் கோத்திருக்கும் கைகளை மட்டும் பார்த்துக் குறிப்பெடுங்கள். எந்தப் பிடி தளர்ந்தபோது பாய்ச்சல் பிந்தியது என்பதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலே ஒரு முழு இயலுக்கான செய்தி கிடைக்கும்.