அத்தானுடன் பனிமலைக்குப் போகலாமா?

வணக்கம். பெப்ரவரியில் சுவிஸ் செல்லும்போது, தயார் செய்யப்பட்ட தடங்களுக்கு வெளியே அத்தானுடன் பனிச்சறுக்கப் போகலாமா என்றும், ஐந்தில் மூன்று என்ற பனிச்சரிவு எச்சரிக்கை நடுத்தரம்தானே என்றும் கேட்டிருந்தீர்கள். அதைப் பரீட்சைப் புள்ளி போல வாசிக்க வேண்டாம். ஒவ்வொரு படியிலும் ஆபத்து பன்மடங்காகிறது. அங்கு பனிச்சரிவு மரணங்களில் ஏறக்குறைய அரைவாசி மூன்றாம் நிலை நாட்களிலேயே நிகழ்கிறது.

கீரிமலையிலேயே மலை இல்லாத ஊர்க்காரர் நாம்; சரிவின் கோணம் நம் கண்ணுக்குப் பிடிபடாது. மணற்காட்டு மணல்மேட்டில், கால் வைத்ததும் மணல் வழிந்தோடும் செங்குத்தான பக்கத்தை நினைத்துப் பாருங்கள்: அது 30 பாகைக்குச் சற்று மேல், பனித்தட்டுகள் பெரும்பாலும் உடைந்து சரிவதும் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில்தான். மூன்றாம் நிலை நாளில் அத்தகைய சரிவில் மட்டுமன்றி, அதன் அடிவாரத்திலும் நிற்க வேண்டாம்.

தேடற்கருவி (உடலில் அணிந்து சமிக்ஞை அனுப்பவும், புதைந்தவரின் சமிக்ஞையைத் தேடவும் உதவுவது), துழாவுகோல் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீண்ட கோல்), சவள் ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். என் மருமகன் விடுமுறையில் வந்தபோது, தேடற்கருவியொன்றை உமலில் இட்டு அதே மணலில் ஒரு மீற்றர் ஆழத்தில் புதைத்துத் தேடினோம். இடத்தை விரைவில் கண்டுவிட்டோம், தோண்டுவதில்தான் நேரம் போயிற்று. புதைந்தவருக்கோ முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களே பெரும் வாய்ப்பு. கைத்தொலைபேசி அருகிலிருந்தால் கருவி தடுமாறும். தேடும்போது குறைந்தது 50 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள்.

சுவிஸின் தாவோஸ் நகரிலுள்ள பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் எச்சரிக்கை அறிக்கை மாலை 5 மணிக்கு வெளியாகும். முதல்நாளே அத்தானுடன் இருந்து வாசியுங்கள்.