பந்தின் வேகம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பேஸ்பாலில் பிட்சர் (பந்து எறிபவன்), வலது கைக்காரன். ஜிம்மில் கைக்குத்தான் அதிகப் பயிற்சி செய்கிறான். ஆனாலும் பந்தின் வேகம் கூடவில்லை. எடை கூடிய பந்தை எறிந்து பழகலாமா?

பதில்: பந்தின் எடையே 142 முதல் 149 கிராம்தான். அதை எறிய முரட்டுக் கை தேவையில்லை, கை வேகமாகச் சுழல வேண்டும். தேர்ந்த பிட்சரின் மேற்கை தோள்மூட்டில் விநாடிக்குச் சுமார் 7,000 டிகிரி வேகத்தில் திரும்புகிறது. தோள் தசைகளால் மட்டும் இது முடியாது. கால், இடுப்பு, மார்பு என்று கீழிருந்து ஏறி வரும் விசைதான் கடைசியில் கைக்குப் போகிறது.

செல்போனில் ஸ்லோ மோஷனில் பக்கவாட்டிலிருந்து படம் எடுங்கள். முன்கால் (முன்னே எடுத்து வைக்கும் இடது கால்) தரையில் ஊன்றும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். இடுப்பு, எதிரே பந்தைப் பிடிக்கும் கேட்சர் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும்; மார்பு இன்னும் மூன்றாவது பேஸை, அதாவது எறியும் திசைக்கு வலப்பக்கத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே திரும்பினால் உடல் முறுக்கேறாது, மிச்ச வேலை முழுக்கக் கையின் தலையில் விழும். சிறுவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். அதே கணத்தில் பந்து தோளுக்கு மேலே வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கை பின்தங்கினால் முழங்கைக்கு வலி நிச்சயம் என்று சொல்ல முடியாது, ஆனால் சுமை கூடும்.

அடுத்தது முன்கால் முட்டி. ஊன்றியபின் அது உறுதியாக நின்று, பந்து கையை விட்டுப் போகும்போது நிமிர வேண்டும். மேலும் மடங்கிக்கொண்டே போனால் வேகம் அங்கேயே வடிந்துவிடும். தொடையில் பலம் போதவில்லை, அல்லது தாங்க முடியாத அளவுக்கு நீளமாக அடி வைக்கிறான் என்று பொருள். உயரத்தில் 80 முதல் 90 சதவீதம் வரை அடி வைப்பது வழக்கம்.

ஆகவே ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்குவது), 2 கிலோ மெடிசின் பந்தை (கனமான பயிற்சிப் பந்து) பக்கவாட்டில் சுவரில் எறிவது ஆகியவற்றுக்கு முதலிடம். கையை நிறுத்தும் பிரேக் தோளின் பின்தசைகள்தான், அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

எடைப் பந்து வேகத்தைக் கூட்டும், உண்மைதான். கூடவே முழங்கையின் உட்புற லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) மீதான இழுவையும் கூடக்கூடும். வளரும் எலும்புக்கு இப்போது வேண்டாம். இளம் பிட்சர்களுக்கான அமெரிக்காவின் ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டுதலின்படி இந்த வயதில் ஒரு நாளைக்கு உச்சவரம்பு 95 எறிகள். 76-ஐத் தொட்டாலே 4 நாள் ஓய்வு.

கேள்வி: குள்ளமானவர்களால் வேகமாக எறிய முடியாதா?

பதில்: நீண்ட கை உதவும், அவ்வளவே. அமெரிக்க பிட்சர் பில்லி வாக்னர் 5 அடி 10 அங்குலம்தான். மணிக்கு 100 மைல் எறிந்தார்.