நம்பர் ஏற்கெனவே வெளியே போய்விட்டதே, இனி என்ன செய்ய?

மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன் நம்பர் பாதுகாப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போனால் நம்பர் சொன்னால்தான் பில் என்கிறார்கள். கொடுக்கணுமா அண்ணே?

வேண்டாம் அக்கா. கடைக்காரர்கள் நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. "நம்பர் இல்லாமலே போடுங்க தம்பி" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் பில் வந்துவிடும். ஒருமுறை சிம்மக்கல்லில் வடை மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்தேன். ஏதோ பரிசுக் குலுக்கலுக்கு யாரோ எழுதிப் போட்ட பேர், நம்பர், பிறந்த தேதி, எல்லாம் எண்ணெய்க் கறையோடு இருந்தது. இதற்கு ஹேக்கர் எதற்கு?

நம்பரையே மாற்றிவிட்டால் தொல்லை விடுமா? (மேலூர்)

அவசரப்படாதீர்கள் தம்பி. நீங்கள் விட்ட நம்பர் 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். பேங்கிலும் ஜிமெயிலிலும் பழைய நம்பரே இருந்தால் ஓடிபி அவர் கைக்குத்தான் போகும். ஒரு பையன் புது சிம் வாங்கி வந்து என்னிடம் காட்டினான். முன்பு அந்த நம்பரை வைத்திருந்தவருக்குச் சம்பளம் ஏறியது, சிலிண்டர் புக் ஆனது, மருந்துக்கடையில் 640 ரூபாய் கட்டியது, எல்லா மெசேஜும் இவனுக்கு வந்துகொண்டிருந்தது. நல்ல பையன், பயந்துபோய்க் கேட்க வந்தான். எல்லோரும் அப்படி இருப்பார்களா?

நான் செய்திருப்பது இதுதான். பேங்க், ஆதார் இரண்டுக்கும் ஒரு நம்பர். அது வீட்டில் ஒரு பட்டன் போனில் கிடக்கிறது, வாட்ஸ்அப்கூடக் கிடையாது. ஊருக்கெல்லாம் கொடுப்பது இன்னொன்று. மாதம் கொஞ்சம் ரீசார்ஜ் செலவு கூடும், கூடட்டும்.

"டிராய்லருந்து பேசுறோம், 2 மணி நேரத்துல உங்க நம்பர் கட்" என்றார்கள். ஆதாரின் கடைசி எண்களைக்கூடச் சரியாகச் சொன்னார்கள். (உசிலம்பட்டி)

சொல்லத்தான் செய்வார்கள் அம்மா. எங்கோ கசிந்ததை விலைக்கு வாங்கி வைத்திருப்பார்கள். அதனாலேயே அவர்கள் அதிகாரி ஆகிவிட மாட்டார்கள். டிராய் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அது யாருக்கும் போன் செய்து நம்பரைத் துண்டிப்பதில்லை. அடுத்து காக்கிச் சட்டையோடு ஒருவன் வீடியோவில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்", அதாவது வீடியோவிலேயே கைது, என்பான். அப்படி ஒன்று நம் சட்டத்திலேயே இல்லை. வைத்துவிடுங்கள். அப்புறம் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடி அழைப்புகளைப் புகார் செய்யும் "சக்ஷு" பகுதியில் அந்த நம்பரைப் பதிந்துவிடுங்கள். பணம் போயிருந்தால் பிள்ளைகள் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிக்க வேண்டும்.

என் பேரில் வேறு யாராவது சிம் வாங்கியிருந்தால்?

அதே சஞ்சார் சாத்தியில் உங்கள் பேரில் எத்தனை இணைப்பு ஓடுகிறது என்று பார்க்கலாம். உங்களுடையது அல்லாததை "என் நம்பர் இல்லை" என்று புகார் கொடுங்கள்.

பக்கத்தில் எல்லோருக்கும் டவர் இருக்கு, எனக்கு மட்டும் திடீரென்று போய்விட்டது. (திருமங்கலம்)

போன் கோளாறாகவும் இருக்கலாம். ஆனாலும் முதலில் வீட்டில் வேறொருவர் போனிலிருந்து கஸ்டமர் கேருக்குப் பேசி, டூப்ளிகேட் சிம்மோ இ-சிம்மோ யாராவது எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் உங்கள் சிம் செத்துவிடும், ஓடிபி அவர்களுக்குப் போகும். ஆனால் மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. அதற்குள் முடக்கிவிட்டால் தப்பிக்கலாம். கேட்டுவிட்டு அப்புறம் கடைக்கு வாருங்கள், போனைப் பார்க்கலாம்.